இரண்டு நிமிடம் பேசுக

மேல்பிரிவுப் பிள்ளைக்காம்பராவில்
பதினொரு மணிக்கு எல்லாரும் தூங்கினால்
பன்னிரண்டு வரைக்கும் என் பள்ளிக்கூடம்.
ஒன்பது ஏணை, ஒரு பழைய புத்தகம்,
ஒரு காதில் மட்டும் பாடும் ஹெட்செட்.

புத்தகம் ஹட்டனில் பாதி விலைக்கு வாங்கியது.
எனக்கு முன்னால் யாரோ படித்திருக்கிறார்,
பென்சிலால் விடை, நிறையப் பிழை.
அழித்தாலும் அடியில் தடம் நிற்கிறது;
என் விடையை நான் யோசிக்குமுன்
அவர் தப்பியது கண்ணில் படுகிறது.
மூன்றாம் பரீட்சை, இருபத்தேழாம் கேள்வியோடு
கோடு இழுத்து நிறுத்திவிட்டார்.
கடைசி அட்டையில் மட்டும்
சீனி ஒன்று, பருப்பு அரை, ரீலோட் நூறு.
இவர் போய்ச் சேர்ந்தார்:
சரி, பிழை, தரப்படவில்லை.
மூன்றில் ஒன்றுக்கு அடையாளமிடுக.

கேட்டல் பகுதிக்கு சிக்னல் வேண்டும்.
தண்ணித் தாங்கிக்குப் பின்னால் இரண்டு கோடு வரும்,
முதல்நாள் மாலையே அங்கே நின்று இறக்கிக்கொள்வேன்.
லண்டனில் ஒருத்தி வாடகைக்கு அறை தேடுகிறாள்,
கார்டன் இருக்கிறதா என்று கேட்கிறாள்.
அவளுக்கு அது நாலு ரோஜாச் செடி.
என் தலை அதைத் தோட்டம் என்று மாற்றி
பெரட்டுக் களத்துக்கும் தராசுக்கும் போய்த்
திரும்பி வருவதற்குள்
இரண்டு விடை கடந்து போயிருந்தது.

எழுத்துப் பகுதியில் வரைபடம்:
மூன்று நாட்டுத் தேயிலை ஏற்றுமதி, முப்பது வருடம்.
நூற்றைம்பது சொல், சொந்தக் கருத்து கூடாது.
ஏறியது என்று எழுதினேன்,
சற்றே இறங்கியது, பின்னர் மாற்றமின்றி இருந்தது.
அன்று மாலை அம்மா நனைந்த படங்கோடு வந்து
பதினாறு கிலோ, என்றாள்.
பதினெட்டுக்கு இரண்டு குறைவு. அரைப்பேர் போட்டுவிட்டார்கள்.
சற்றே இறங்கியது.
சொந்தக் கருத்து கூடாது.

பேசிப் பழகத்தான் ஆளில்லை.
தூங்க மறுத்த ரித்திகனைப்
பால்மா டின் மேல் உட்காரவைத்தேன்.
இரண்டு வயசுப் பரீட்சகர்.
அட்டை சொல்கிறது:
நீங்கள் வாழ்ந்த ஒரு வீட்டை விவரிக்க.
ஒரு நிமிடம் யோசிக்கலாம், இரண்டு நிமிடம் பேசுக.

பத்துக்குப் பன்னிரண்டு அடி என்று தொடங்கினேன்.
முப்பத்தெட்டு விநாடியில் வீடு முடிந்துவிட்டது.

மூக்கொழுகக் காத்திருந்தான் ரித்திகன்.
கூரைத் தகரத்துக்கு ஒரு வசனம் கொடுத்தேன்,
பக்கத்துக் காம்பரா இருமல்
சுவர் தாண்டி வருவதற்கு இன்னொன்று.
எழுபது விநாடி.
அப்புறம் இல்லாததைக் கட்டத் தொடங்கினேன்.
கிழக்கே பார்த்த ஜன்னல்,
என் உயரத்துக்கு ஒரு மேசை,
உள்ளிருந்து தாழ்போடும் குளியலறை.
பொய்க்குப் புள்ளி குறையாதாம்,
இலக்கணம் தப்பினால்தான் குறையுமாம்.
ஒன்று நாற்பது. மாடிப்படி வைத்தேன்.
ஒன்று ஐம்பது. படிக்கு ஒரு கைப்பிடி.
ரித்திகன் இறங்கி வந்து
என் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தான்,
வேறு யாரும் உள்ளே இருக்கிறார்களா என்று.

எனக்கு வேண்டியது ஆறு.
ஆறு எடுத்தால் முதியோர் இல்லத்தில் வேலை.
இங்கே இன்னும் பேச வராதவர்கள்,
அங்கே பேச்சு மறந்துகொண்டிருப்பவர்கள்.
நடுவில் எனக்கு மட்டும் பரீட்சை.
கண்டியில், அடுத்த மாதம் பதினெட்டு.
தோடு அடகில் இருக்கிறது.
காது ஓட்டையில் ஈர்க்குத் துண்டு.

நேற்று இருபத்தெட்டாம் கேள்விக்கு வந்தேன்.
தாள் வெறும் வெள்ளை.
விளக்கில் சாய்த்துப் பார்த்தேன், தடமே இல்லை.
இதுவரை அவர் பிழையைப் பார்த்து விலகி நடந்தேன்,
இனி நானாகத்தான் தப்பவேண்டும்.
மூலை ஏணை அசைந்தது.
போய் ஆட்டிவிட்டு வந்து
பென்சிலைச் சீவினேன்.
அழுத்தாமல்தான் எழுதினேன்.